வாடாமல்லி மாலை

பாளையங்கோட்டை அழகு நிலையமொன்றில் வேலை பார்க்கும் மாயா, தீபாவளி முடிந்த கையோடு பூக்கடை பூக்கடையாக அலைந்தாள். அவளுடைய சொந்த நாடான நேபாளத்தில் இன்று அக்காமார் தம்பிமாருக்கு வாடாமல்லி மாலை போடுவார்கள். அந்தப் பூ வாடும்வரை எமன் அவர்களை நெருங்கமாட்டான் என்பது நம்பிக்கை. தம்பி கிரண் சாயங்காலம் குவைத்துக்குப் புறப்படுகிறான்.

கடைசிக் கடையில் பூக்கட்டும் பாலம்மாள், "வெறும் வாடாமல்லியிலயா? மாப்பிள்ளைக்குன்னா ரோசாவுல கட்டுதேன்" என்று சிரித்தாள்.

மாயா விஷயத்தைச் சொன்னாள்.

"எமனையே வெளிய நிப்பாட்டுதியா? பெரிய ஆளுதாம்ட்டி நீ!"

கூடையில் உதிரிப் பூ இல்லை. பாலம்மாள், விற்பனைக்குத் தொங்கிய கதம்ப மாலைகளை மடியில் போட்டு, வாடாமல்லியை மட்டும் உருவத் தொடங்கினாள்.

"அக்கா, அந்த மாலையெல்லாம் வீணாப் போகுமே!"

"மிச்சத்த வேற மாதிரி கட்டிக்கிடுதேன். பேசாம நூலப் பிடிட்டி."

வீட்டுக்கு வந்ததும் கிரணுக்கு மாலையைப் போட்டு உட்காரவைத்து, எமன் தாண்டாதபடி அவனைச் சுற்றி எண்ணெயால் வட்டம் இழுத்தாள் மாயா. பாலம்மாளுக்கு எத்தனை தம்பிமார் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று அப்போதுதான் தோன்றியது. அவளுக்கு இருக்கிற தம்பிமார் எல்லோருக்குமாகச் சேர்த்து, இன்னொரு வட்டம் இழுத்தாள்.