மாடம்பாக்கத்து ஆண் செடி

கிழக்குத் தாம்பரத்தில் தையல்நாயகி டீச்சர் என்றால் கோபக்காரி என்று அர்த்தம். அந்த டீச்சர் நான்தான். பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். வீட்டில் ஜாடிச் செடி வளர்க்கிறேன். இலை நுனியில் மூடி போட்ட குடுவை தொங்கும். எறும்பும் ஈயும் அதற்குள் வழுக்கி விழும், செடி சத்தமில்லாமல் செரித்துவிடும். என்னுடையது இரண்டு காட்டு இனங்களைக் கலந்து உண்டாக்கிய கலப்பினம். கல்கத்தாவில் வேலை பார்த்த என் அண்ணன் தோத்தாத்ரி 1986-இல் ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான்.

இந்தச் செடிகளில் ஆண் தனி, பெண் தனி. பூத்தால்தான் எது என்று தெரியும். நான்காவது வருடம் பூத்தது, பெண். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. எங்காவது ஓர் ஆண் செடியின் மகரந்தம் கிடைத்தால் நானே ஒரு புதுக் கலப்பினத்தை உண்டாக்கலாம். அதன் குடுவை நீளமாக வருமா, குண்டாக வருமா? புள்ளி இருக்குமா? யோசித்தே பல நாள் சாம்பாரைத் தீய விட்டிருக்கிறேன். மெட்ராஸ் முழுக்க விசாரித்தும் ஆண் கிடைக்கவில்லை. வருடா வருடம் பூ வீணாகக் கருகியது.

இதற்கிடையில் தண்டை நறுக்கி வேர்விட வைத்து எட்டு வீடுகளுக்குக் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை, சட்டத்தோடு கொடுத்தேன். மண் கூடாது, தேங்காய் மட்டையும் அடுப்புக் கரியும்தான். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் கூடவே கூடாது, மழைத் தண்ணீர்தான். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நான் மொபெட்டில் வந்து பார்ப்பேன். செத்துப்போனால் இன்னொரு செடி கிடையாது. சேலையூர் சரசு உப்புத் தண்ணீர் ஊற்றிச் சாகடித்தபோது, அவள் வீட்டு கேட்டில் நின்று “கொலைகாரி” என்று கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. மற்றவர்களுக்கு அது பாடமாக இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

மாடம்பாக்கம் கிளியம்மாளின் செடிதான் எனக்குப் பெருமை. வயலெல்லாம் மனையாகிப்போன பிறகு மிச்சமிருந்த மூலையில் ஒரு மாடு, நாலு முருங்கை, என் செடி. அவளுடைய குடுவைகள் என்னுடையதைவிடச் சிவப்பு. காரணம் கேட்டால், “நெயல்ல கீது டீச்சர், அதான்” என்பாள். அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். எல்லா வீட்டிலும் செடியை நிழலுக்கு மாற்றச் சொன்னேன்.

1994 நவம்பரில் மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். என் செடி அப்போது பூத்திருந்தது. அவளுடையதும் பூத்திருக்குமா என்று பார்க்க, மழை விட்டதும் கிளம்பினேன். ஞாயிறு இல்லாத ஒரு நாளில் நான் அங்கே போவது அதுதான் முதல் முறை.

மாட்டுக்கொட்டகை ஓரத்தில் செடி நின்றது. நெட்டையாக ஒரு பூங்கொத்து. தொட்டேன். விரலில் மஞ்சளாக மகரந்தம் ஒட்டியது.

பெண் செடியின் துண்டு பெண்ணாகத்தானே வளர வேண்டும்? இது ஆண்!

கிளியம்மாள் சாணிக் கையோடு ஓடிவந்தாள். “இன்னா டீச்சர், இன்னிக்கி வன்ட்டீங்க?”

“கிளியம்மா, உன் வீட்டுல என்ன நடந்திருக்கு தெரியுமா? பெண் செடி ஆணா மாறியிருக்கு! நிழலா, மண்வாகா, தெரியல. நாளைக்கே கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு எழுதப்போறேன். பெரிய பெரிய புரொபசர் எல்லாம் இங்க வருவாங்க!”

அவள் முகம் வெளுத்தது. “வோணாம் டீச்சர். எழுதாதீங்க.”

“ஏன்?”

“எல்லாரும் உங்களப் பாத்து சிரிப்பாங்கோ. அது உங்க செடி இல்ல.”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். “உங்குளுது மூணு வருசம் முன்னியே செத்துப்பூச்சி. பெங்களூர்ல என் தங்கச்சி வூட்டாண்ட ஒரு நர்சரி கீது. பஸ் ஏறிப் போயி வாங்கியாந்தேன்.”

“ஒரு செடிக்காகவா அவ்வளவு தூரம் போன?”

“ஒண்ணு இல்ல, ஆறு. மத்தவங்க வூட்லயும் செத்துப்பூச்சி. நீங்க குட்த்ததுல ரெண்டுதான் உசுரோட கீது. சரசக்காவுக்கும் ஒண்ணு குட்த்தேன். நீங்க வர்ற ஞாயித்துக்கெயம அந்தக்கா அத்த கட்டிலுக்குக் கீய தள்ளி வெச்சிடுவாங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சரசக்காவ அந்தப் பேச்சு பேசுனீங்களே டீச்சர். எல்லாருக்கும் செடி மேல ஆசதான். உங்க மேல பயம்.”

கொட்டகைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடமாக யாரோ வாங்கிய செடிகளைப் பார்த்துத்தான் மார்தட்டியிருக்கிறேன். பகிர்ந்து கொடுத்தவள் நானில்லை, இவள். அவமானத்தில் காது சுட்டது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்த அவமானத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு கேள்வி முட்டிக்கொண்டு வந்தது.

“மத்த அஞ்சுல எது ஆண், எது பெண்?”

“இன்னும் பூக்கல டீச்சர். ஒண்ணொண்ணும் ஒரு தினுசா கீது.”

“கொஞ்சம் மகரந்தம் எடுத்துக்கட்டுமா, கிளியம்மா?” என்றேன். பிறர் வீட்டுச் செடியில் கேட்டு எடுப்பது எனக்குப் புதிது.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பூங்கொத்தை அறுத்து வாழையிலையில் சுருட்டினாள். கூடவே நல்ல தண்டாக ஒரு துண்டு நறுக்கி, ஈரத் துணி சுற்றி என் பையில் வைத்தாள்.

“இத்தையும் உங்க வூட்ல வெச்சிக்கோங்க. செத்துப்பூட்டா வந்து சொல்லுங்க டீச்சர், நா ஒண்ணியும் சொல்ல மாட்டேன்.”

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குத் தைரியம் சொன்னாள். மொபெட்டை நேராகச் சேலையூருக்கு ஓட்டிப்போய்ச் சரசு வீட்டுக் கதவைத் தட்டினேன்.