தர்சிகாவின் செமிக்கோலன்

கொழும்பு அலுவலகம் ஒன்றுக்கு மின்னஞ்சலில் வேலை விண்ணப்பம் அனுப்பிய மறுநாள் காலையிலிருந்து, தர்சிகாவின் பெயரை வட்டுக்கோட்டையில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தாய் கமலாவதி தேத்தண்ணியை ஊற்றிவிட்டு மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார். "ஜே, யூ, செமிக்கோலன், ஆர், பி, எஃப், எச்" என்று வந்தது. அவர் இங்கிலீசு படித்தவர் இல்லை. தொண்டையில் கோளாறாக்கும் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தார். பால்காரருக்கும் அப்படியே வந்தபோதுதான் பயந்தார்.

காரணம் விளங்கியது, வாசிகசாலையில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கும் நிரோஜாவுக்குத்தான். ஊர் அச்சகங்கள் கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அடிக்கும் பாமினி எழுத்துருவிலேயே அவள் தர்சிகாவுக்கும் தட்டச்சுப் பழக்கியிருந்தாள். ஆங்கில எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழ் விழும். பாமினி இல்லாத கணினியில் திறந்தாலோ, தட்டிய ஆங்கில எழுத்துகள்தான் கிடக்கும். இவ்வளவும் படிப்பித்தவள் அதை மட்டும் சொல்ல மறந்துபோனாள். தகப்பன் இல்லாத அந்த வீட்டுக்கு வேலை எவ்வளவு தேவை என்றும் அவளுக்குத் தெரியும். எங்கும் வாசிக்கக்கூடிய யுனிகோட்டுக்கு விண்ணப்பத்தை மாற்றித் திரும்ப அனுப்பினாள். பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, வாசிக்க முடியாதவற்றை அன்றைக்கே அழித்துவிட்டோம், ஆளும் எடுத்தாயிற்று என்றார்கள். நிரோஜா வாசிகசாலைக் கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

இரண்டு வருடம் போயிற்று. கலியாணம் பேச வந்தவர்கள் பெண்ணின் பெயரைக் கேட்டார்கள், தேத்தண்ணியைக் குடித்தார்கள், எழும்பிப் போனார்கள். கோயில் ஐயர் அர்ச்சனையில் முதலில் தடுமாறினார். பிறகு செமிக்கோலனுக்கும் சேர்த்தே பூப் போட்டார். வேறு வேலையும் கிடைக்கவில்லை.

ஒருநாள் கமலாவதி வகுப்புக்கு வந்து சின்னப் பிள்ளைகளோடு வாங்குப் பலகையில் இருந்தார்.

"ரீச்சர், நான் என்ரை பிள்ளையை என்னெண்டு கூப்பிடுறன் எண்டு எனக்கே தெரியாது. அந்த எழுத்துகள் எங்கை கிடக்கெண்டு காட்டுங்கோ."

"என்னாலதான் அன்ரி எல்லாம்," என்றாள் நிரோஜா.

"உதைக் கதைச்சு என்ன? காட்டுங்கோ."

நிரோஜா ஒவ்வொன்றாகக் காட்டினாள். கமலாவதி ஒற்றை விரலால் தட்டினார். திரையில் தர்சிகா என்று முத்துப்போல விழுந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த தாய் அதை ஆசையோடு, வாய்விட்டு வாசித்தார்: "ஜே, யூ, செமிக்கோலன், ஆர், பி, எஃப், எச்."

இப்போது அவர் மகளை அப்படித்தான் கூப்பிடுகிறார். அவசரத்தில் செமிக்கோலனை விட்டுவிட்டால் மகள் திரும்பிப் பார்ப்பதில்லை.