வத்தல் பார்க்க நின்றவன்

1

இந்தக் கதை ஒரு ஆர்டர். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஞாயிறு அதிகாலையில் சைக்கிள் ஓட்டும் எங்கள் குழுவுக்கு ஒரு வருடம் முடிகிறது. மொத்தம் பன்னிரண்டு பேர். அச்சகம் வைத்திருக்கும் பாலகுரு அதற்காக ஒரு மலர் போடுகிறான். எல்லாருடைய வேகத்தையும் நேரத்தையும் அட்டவணையாகப் போட்ட பிறகும் நான்கு பக்கம் மிச்சம்.

"ஏலே சபரி, நீதான் எந்நேரமும் வெளிநாட்டுக் கதையா வாசிக்கியே. நாலு பக்கத்துக்கு ஒண்ணு எழுதிக் குடு. போன மாசம் நான் விழுந்தேம்லா, அதைப் போடு. நடந்தத நடந்தபடி போடு. சனிக்கிழமை மூணு மணிக்குப் பிளேட் போடணும்."

காலண்டருக்கு முருகன் படம் கேட்பதுபோலக் கேட்டான்.

முதல் தொடக்கம்: *பிர்ச் மரங்களுக்கு அப்பால் நகரம் இன்னும் தன்*

(நிறுத்திவிட்டேன். நாங்கள் கிளம்பும் சூலக்கரையில் இருப்பது கலெக்டர் ஆபீஸும் சீமைக்கருவேலமும். நான் பிர்ச் மரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.)

இரண்டாவது தொடக்கம்: *மூன்று பேர். மூன்று சைக்கிள்கள். ஒரே*

(சினிமா விளம்பரம்.)

மூன்றாவது தொடக்கம்: *மாசி மாதத்துப் பனி சாலைமேல் ஈரத் துணிபோலக் கிடந்தது, வெயில் வந்த பிறகும் கருவேலத்தின் ஒவ்வொரு முள்ளிலும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.*

இதை வைத்துக்கொள்கிறேன். நான் எழுதியதில் எனக்கே பிடித்த வாக்கியம் இது ஒன்றுதான். தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

2

கதைக்குள் போகுமுன் எங்கள் விதிகளைச் சொல்லவேண்டும். அவை பாலகுரு இயற்றியவை. லேமினேட் செய்த அட்டையில் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறான். இரண்டும் மூன்றும் ஹெல்மெட், விளக்கு பற்றியவை. முக்கியமானவை இவை:

விதி 1: யாருக்காகவும் யாரும் நிற்கக் கூடாது. நின்றவர் மறு வாரத்திலிருந்து வரவேண்டாம்.

விதி 4: தொழில் விஷயமாக நிற்கலாம்.

வெளியூர்க்காரர்கள் நான்காம் விதியைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் லோடு வரும் ஊரில் அது இல்லாமல் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

முதல் விதி வெறும் மிரட்டல் இல்லை. இரண்டாவது மாதம் என் செயின் கழன்றபோது மாரிக்கண்ணன் எனக்காக நின்றான். பாலகுரு அவனை அன்றே நீக்கினான். மாரிக்கண்ணன் இப்போது ஷட்டில் ஆடுகிறான். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

3

இனி மணிகண்டராஜ். வத்தல் கமிஷன் கடைக்காரர் மகன். கல்யாணப் பந்தியில் வைக்கும் மோர் மிளகாயைக்கூடப் பிட்டு, விதையைப் பார்த்து, முகர்ந்த பிறகுதான் தின்பான். எட்டாம் வகுப்பிலிருந்து பாலகுருவுக்கும் அவனுக்கும் போட்டி. மார்க்கில் போட்டி, மீசையில் போட்டி. ஒருத்தன் இன்னொருத்தனுக்காக ஒரு நாளும் ஒரு நிமிடம் காத்திருந்ததில்லை.

அச்சங்குளத்திலிருந்து சாத்தூர் வரும் சாலையில் எட்டு கிலோமீட்டர் துண்டு ஒன்று இருக்கிறது. அதில் யார் எவ்வளவு வேகம் என்று செல்போன் ஆப் கணக்கு வைக்கிறது. பதினான்கு மாதமாக மதுரைக்காரர் ஒருவர்தான் முதலிடம்: பன்னிரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி. அதை உடைப்பதற்காக மணிகண்டராஜ் ஒரு வருடம் சீனி தொடவில்லை. அவன் தங்கச்சி கல்யாணத்திலும் தொடவில்லை.

பாலகுரு விழுந்த அன்று வந்தது மூன்று பேர்தான். மணிகண்டராஜ் முன்னால், இருநூறு மீட்டர் பின்னால் பாலகுரு, அதற்கும் பின்னால் எங்கேயோ நான். ஆறாவது கிலோமீட்டரில் மணிகண்டராஜ் மதுரைக்காரரைவிட ஒன்பது வினாடி முன்னால் இருந்தான். தொடை எரிந்தது. இன்னும் இரண்டே கிலோமீட்டர். அப்போது சாலையின் பாதி அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. கை தானாகப் பிரேக்கை அழுத்தியது.

(இந்தச் சிவப்பை நான் பார்க்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் போய்விட்டிருந்தார்கள். மணிகண்டராஜ் சொன்னதுதான் இது.)

அவன் நின்றது நான்கு நிமிடம் இருபது வினாடி. ஆப்பில் இருக்கிறது, வேகக்கோடு தரையோடு படுத்துக் கிடக்கிறது. அதே நான்கு நிமிடத்தில்தான் பின்னால் வளைவு மணலில் பாலகுருவின் முன்சக்கரம் வழுக்கி அவன் விழுந்து கிடந்தான். பிறகு தானாக எழுந்து, ரத்தம் வழியும் முழங்கையோடு ஓட்டி வந்தான்.

"ஏம்லே நிக்க?"

"வத்தல் பாத்தேன்." கையில் ஒரு வத்தல் இருந்தது.

"எப்படி?"

"நிறம் இல்ல."

இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

4

வரைவைக் குழுவில் போட்டது நான் செய்த முட்டாள்தனம்.

பிரீத்தியிடமிருந்து குரல் செய்தி வந்தது. பட்டாசுக் கம்பெனிக் குடும்பம். அன்று ஸ்டாக் எடுப்பதால் வரவில்லை. "சபரி, வராட்டியும் நான் கதைக்குள்ள இருக்கணும். முடிஞ்சா முதல் ஆளா."

இன்னொருவர் தன் சைக்கிள் எத்தனை கிராம் என்பதைச் சேர்க்கச் சொன்னார். ஒருவர் என் சராசரி வேகத்தை அனுப்பி அழுகிற முகம் ஒன்றையும் அனுப்பினார். கதையை யாரும் வாசிக்கவில்லை. எல்லாரும் தங்கள் இடத்தைத் தேடினார்கள்.

மணிகண்டராஜ் மட்டும் போன் செய்தான். "நல்லாத்தான் இருக்கு. அந்த வத்தல இன்னும் கொஞ்சம் போடு."

"எம்புட்டு?"

"நல்லாக் கண்ணுக்குத் தெரியுற மாதிரி. குண்டு வத்தல்னு போடு."

"போன மாசம் சம்பான்னு சொன்ன."

"ஏதோ ஒண்ணு. கத தானலே."

இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. மோர் மிளகாயை முகர்ந்து பார்க்கிறவனுக்கு உருண்டைக் குண்டும் நீளச் சம்பாவும் ஏதோ ஒன்றா? வாசிக்கும் நாவல்களில் இப்படி ஓர் இடம் வந்தால் ரசிப்பேன். என் கதையிலேயே வந்தபோது எரிச்சலாக இருந்தது. ஒரு சின்ன விவரம், அதைக்கூட ஒருத்தன் ஒழுங்காகச் சொல்லமாட்டான் என்றால் எப்படி எழுதுவது?

5

வியாழக்கிழமை அந்த அச்சங்குளம் சாலைக்குப் பஸ் ஏறிப் போனேன். சாலையோரம் மூக்கம்மாள் என்ற பெண் கால்களால் வத்தலைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். மணி பதினொன்று. சாலையின் பாதி அகலத்துக்குச் சிவப்பு. நான் எழுதியது சரிதான் என்று மகிழ்ந்தேன்.

"பெரியம்மா, இது குண்டா, சம்பாவா?"

"சம்பா. எதுக்குக் கேக்கீக தம்பி, வாங்கவா?"

"கதை எழுத." சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. "போன மாசம் ஞாயித்துக்கிழமை ஏழு மணி வாக்குல, நீங்க காயப் போட்டிருந்தப்ப ஒருத்தன் சைக்கிள நிப்பாட்டி..."

"ஏழு மணிக்கா? பனி இறங்குற நேரத்துல எவ வத்தலக் காயப் போடுவா? கறுத்துப் போகும்லா. ஒம்பது மணிக்கு மேலதான் தார்ப்பாயவே எடுப்போம். வத்தல் யாவாரம் பாக்குற வீட்ல கேளுங்க, சொல்லுவாக."

ஓரத்தில் சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயைப் பார்த்தேன்.

"அந்த ஹெல்மெட்டுப் பையனத்தான கேக்கீக? ராக்காவலுக்கு நான் இங்கனதான் படுப்பேன். இங்கன தார்ப்பாய்கிட்டதான் நின்னுச்சு. வத்தலப் பாக்கல. திரும்பி அந்த வளைவத்தான் பாத்துச்சு. அங்க ஒருத்தன் விழுந்து எந்திரிக்க முடியாமக் கெடந்தான். போயித் தூக்கி விடுய்யான்னேன். 'அவனுக்குப் பிடிக்காது'ன்னுச்சு. அவன் எந்திரிச்சு ஏறவும், எங்கிட்ட ஒரு வத்தல் கேட்டுச்சு. தார்ப்பாய்க்கடியில கையவிட்டு எடுத்துக் குடுத்தேன்."

6

இப்போது என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ) நடந்ததை நடந்தபடி எழுதுவது. ஆர்டர் அப்படித்தான். மணிகண்டராஜ் முதல் விதியை மீறியவன் ஆவான். மாரிக்கண்ணனோடு ஷட்டில் ஆடப் போவான். அவனை அனுப்பவேண்டியவன் பாலகுரு.

ஆ) வத்தலையே வைத்துக்கொள்வது. வியாபாரி, நான்காம் விதி, சுபம். ஆனால் வத்தலே காயாத நேரத்தில் வத்தல் காய்ந்த கதையை எழுதியவன் என்று என் பெயர் அச்சில் இருக்கும்.

இ) *விழுந்தவன் எழுந்தபோது, வளைவுக்கு அப்பால்*

(வரவில்லை.)

வெள்ளிக்கிழமை இரவு (ஆ)வை பாலகுருவுக்கு அனுப்பினேன். சனிக்கிழமை காலை புரூஃப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"கொம்பு, கால் எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணுதான் இடிக்கி. முதப் பக்கத்துல பனி கெடக்குன்னு போட்டிருக்க. மூணாவதுல வத்தல் காயுதுங்குற."

"ஆமா."

"எங்க வீட்டு மொட்ட மாடியிலயும் வத்தல் காயும்லே."

அவனுக்குப் பின்னால் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு பேரு வாசிப்பான். ஒருத்தனாவது கேப்பான். கேட்டா நான் விதிப்படிதான் செய்யணும். விதியப் போட்டது நானு. பனிய எடுத்துரு."

"அது ஒண்ணுதான் பாலகுரு நல்லா வந்திருக்கு."

"தெரியும். எடுத்துரு."

போனை வைத்துவிட்டான். எப்போதிலிருந்து தெரியும், விழுந்து கிடந்தபோதே தலையை நிமிர்த்திப் பார்த்தானா, அதனால்தான் "எப்படி?" என்று கேட்டானா? இதையெல்லாம் கேட்டால் பதில் சொல்கிற ஆள் இல்லை. நடந்தத நடந்தபடி போடு என்று சொன்னவனும் இவன்தான். இரண்டு பேரும் சேர்ந்து என் கதையைக் கெடுக்கிறார்கள். அதிலும் யார் அதிகம் கெடுத்தது என்று போட்டி போல.

இப்போது மணி இரண்டரை. அந்த வாக்கியத்தை நான் இன்னும் அடிக்கவில்லை. என் கையால் அடிக்க மனம் வரவில்லை. முதல் பகுதியில், மூன்றாவது தொடக்கம். பேனாவோடு அங்கே போங்கள். அடித்தால், மணிகண்டராஜ் வத்தல் பார்க்க நின்றவன். நாளைக் காலை ஐந்து மணிக்குச் சூலக்கரையில் இருவரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் டயரை அழுத்திப் பார்ப்பார்கள். அடிக்காமல் விட்டால்,