சத்தம் அடங்காத கார்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், பஜாரின் கடைசியில் ஏனோக் சீட்டு தைக்கும் கொட்டகை வைத்திருந்தான். பஸ் சீட்டு, சினிமாக் கொட்டகை நாற்காலி, ஆஸ்பத்திரி மெத்தை எல்லாம் அவன் கைக்கு வரும். 1959 ஜூன் மாதம் ஒரு காலையில், ரெண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனது. இப்போது அது சுரங்க இன்ஜினியர் துளசிராமனுடையது.

அவரைப் பார்த்ததும் ஏனோக் தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். போன வருஷம் அவன் அண்ணன் ஆமோஸ் வேலை பார்த்த சுரங்கத்தில் பாறை வெடித்து நாலு பேர் செத்தார்கள். ஆமோஸ் அதில் ஒருவன். உடல்கள் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் அண்ணன் வீட்டுக்கு நேரில் வந்து சேதி சொன்னவர் இந்த துளசிராமன்தான். "உயிர் உடனே போயிடுச்சும்மா. வலியே தெரிஞ்சிருக்காது" என்றார். அண்ணி ஜூடித் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் எழுந்து நடமாடுகிறாள். அதனால் ஏனோக்குக்கு அவர்மேல் தனி மரியாதை.

"இன்னா சார் வேணும்? சீட்டு நல்லாத்தானே இருக்குது?"

"சீட்டு இல்ல ஏனோக். சத்தம். கீழே தகரத்துல என்னமோ தட்டிக்கிட்டே இருக்கு. ஓட்ட முடியல. எவ்வளவு ஆனாலும் சரி, சத்தமே இல்லாம பண்ணிக் கொடு."

அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. நல்ல தூக்கம் தூங்கி மாசக்கணக்காகியிருக்கும் என்று ஏனோக் நினைத்தான்.

அவன் கம்பளத்தைத் தூக்கிவிட்டு, தரைத் தகரத்தை விரல் முட்டியால் தட்டினான். வெண்கலப் பானை மாதிரி ணங்கென்றது. கதவைத் தட்டினான், அதுவும் அப்படியே. "கல்லு தெறிக்குது சார். தகரம் மெலிசு, அதான் அதிருது" என்றான்.

எதைப் போட்டு அடக்குவது என்று அரை நாள் பேசினார்கள். தேங்காய் நார் மலிவு, ஆனால் மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு தகரத்தைத் துருவாக்கிவிடும். பஞ்சு வைத்தால் புகைக்குழாய்ச் சூட்டில் கருகும். தக்கை கொஞ்ச நாளில் உதிர்ந்துபோகும். "ரெண்டு வேலை இருக்குது சார். தகரம் அதிராம இருக்கணும், அதுக்குத் தார் அட்டை. அதையும் மீறி வர்ற சத்தத்தை முழுங்கணும், அதுக்கு கம்பளி ஃபெல்ட். ஒண்ணு மட்டும் போட்டா பிரயோஜனம் இல்ல." இன்ஜின் பக்கத்துச் சுவருக்கு மட்டும் சூடு தாங்க அஸ்பெஸ்டாஸ் துணி. ஃபெல்ட்டும் அதை ஒட்ட ரப்பர் சொல்யூஷனும் பெங்களூரிலிருந்து பங்காருபேட்டை வழியாக ரயிலில் வந்து சேர நாலு நாள் ஆனது.

சீட்டுகளைக் கழற்றி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் காயவிட்டான். தார் அட்டையை வெயிலில் போட்டு இளகவைத்து, துண்டு துண்டாக வெட்டித் தரையில் ஒட்டி, சோடா பாட்டிலை உருட்டி உருட்டி அழுத்தினான். உள்ளே காற்று நின்றால் அந்த இடம் மட்டும் மறுபடி பாடும். தண்ணீர் வடியும் ஓட்டைகளை மூடாமல் விட்டான். கதவுகளுக்குள் கையை விட்டு ஒட்டியதில் முழங்கை வரை தோல் கிழிந்தது. மேலே ஃபெல்ட்டை ஒட்டி, கியர்த் தண்டுக்குத் துளை வெட்டி, கம்பளத்தைப் பழையபடி விரித்தான். பிறகு தட்டிப் பார்த்தான். தொப்பென்று செத்த சத்தம். திருப்தியாக இருந்தது.

ரெண்டாம் நாளே கார் திரும்பி வந்தது.

"இன்னும் கேக்குது."

ஏனோக் கூடவே ஏறிப் போய்ப் பார்த்தான். அவன் காதுக்கு இன்ஜின் முனகலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் இன்னொரு சுற்று ஃபெல்ட் போட்டான், கூரைக்கு உள்ளேயும் ஒட்டினான். மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. இந்த முறை பங்காருபேட்டை ரோட்டில் ஆளில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னான் ஏனோக். இன்ஜினை அணைக்கச் சொன்னான். கண்ணாடிகளை ஏற்றினான். உள்ளே பாழுங்கிணற்றுக்குள் இருப்பது மாதிரி அமைதி.

"இப்பவும் கேக்குதா சார்?"

"கேக்குது."

"எங்க?"

"கால்கிட்ட. மூணு தட்டு. கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூணு."

வண்டி நின்றுகொண்டிருந்தது. தெறிக்கக் கல் இல்லை, அதிர இன்ஜின் இல்லை. ஏனோக் சுரங்கத்துக்காரன் மகன். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் காற்றுக் குழாயில் எப்படித் தட்டுவார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறான். அதுவும் மூணு மூணாகத்தான்.

"சார், எங்கண்ணன் உடனே செத்துட்டான்னு சொன்னீங்க."

துளசிராமன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"தட்டினாங்க" என்றார். "திங்கக்கிழமை மத்தியானம் வெடிச்சுது. புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் தட்டினாங்க. பாறை அப்பவும் நொறுங்கிப் பேசிக்கிட்டே இருந்தது. காப்பாத்தப் பன்னிரண்டு பேரை உள்ள அனுப்பினா அவங்களும் போயிருப்பாங்க. நான்தான் வேணாம்னு நிறுத்தினேன். குழாயில காதை வெச்சுக் கேட்டது நானும் இன்னொருத்தரும்தான். வெளியே நின்ன ஜனங்களுக்குத் தெரிஞ்சா அத்தனை பேரும் உள்ள பாஞ்சுடுவாங்கன்னு பயந்தேன்."

ஏனோக்குக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவனை இன்னும் வதைத்தது. கதவைத் திறந்து இறங்கினான்.

"எங்க அண்ணிகிட்ட அந்தப் பொய்யைச் சொன்னது நீங்க. நிஜத்தையும் நீங்களே வந்து சொல்லுங்க. என்னால ஆவாது."

வெயிலில் ஊர் வரைக்கும் நடந்தே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய நேரத்தில் துளசிராமன் வந்தார். ஜூடித் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஏழு வயது டெய்சியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏனோக் கதவோரம் நின்றான். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்க செவ்வாக்கிழமை காலையில இங்க வந்தீங்க" என்றாள் ஜூடித் கடைசியில்.

"ஆமாம்மா."

"அப்ப அவரு தட்டிக்கினு இருந்தாரு."

அவர் தலை குனிந்தார்.

"முந்தின ராத்திரி சுரங்கத்து கேட்டுக்கிட்ட நின்னுகினு இருந்தவளை, வீட்டுக்குப் போம்மான்னு அனுப்பினதும் நீங்கதான். காலையில நீங்க வந்து சொன்னதும் நான் தலைக்கு ஊத்திக்கினு கறுப்புப் புடவை கட்டினேன். அவரு தட்டிக்கினு இருந்தாரு."

துளசிராமன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு மன்னிப்பு என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் முதுகு நிமிர்ந்திருந்ததை ஏனோக் கவனித்தான். வந்தபோது அப்படி இல்லை.

ஜூடித் அவன் பக்கம் திரும்பினாள். "எதுக்குத் தம்பி கூட்டியாந்த?"

"உனக்குத் தெரிய வேணாமா அண்ணி?"

"அவரு பாரத்தை இறக்கி வெச்சுட்டுப் போய்ட்டாரு. உன்னால ஒண்டியா சுமக்க முடியல, நீயும் இறக்கிட்ட. நான் எங்க போய் இறக்குவேன்? டெய்சிகிட்டயா?"

நல்லது செய்கிறோம் என்றுதான் ஏனோக் நினைத்திருந்தான்.

துளசிராமன் நடந்ததை எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தார். விசாரித்தார்கள். ஆட்களை அனுப்பாதது சரிதான் என்று முடித்துவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவர் வேலையை விட்டு வடக்கே எங்கோ போய்விட்டார். காரை பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கிப்போனார். இவ்வளவு அமைதியான ஸ்போர்ட்ஸ் காரைத் தான் பார்த்ததே இல்லை என்று ஏனோக்கிடம் மெச்சிக்கொண்டார்.

ஜூடித் மகளோடு குடியாத்தத்தில் தாய்வீட்டுக்குப் போனாள். மாசம் ஒருமுறை ஏனோக் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். காபி கொடுப்பாள், டெய்சி படிப்பைப் பற்றிப் பேசுவாள். வேறு பேச்சு இராது. ரெண்டு வருஷம் கழித்து ஒரு நாள், அவன் கிளம்பும் நேரத்தில், பையை எடுத்துக் கொடுத்தபடி கேட்டாள்:

"தட்டினது கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதா, ஒரேயடியா நின்னுச்சா? உங்கிட்ட சொன்னாரா?"

ஏனோக் அதை அவரிடம் கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் அவர் இருக்கும் ஊர்கூட அவனுக்குத் தெரியாது. "தெரியல அண்ணி" என்றான்.

அவள் தலையசைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்றாள்.