ஒருபக்கப் பசை

மார்ச் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு படக்கதைக் கம்பெனி முதலாளியின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முதலாளி ஹைமன் லுப்கின். அவருக்கு இடப்பக்கம், அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயை ஒட்டிய நாற்காலியில், கதை எழுதும் நேதன் க்ரோல். அந்த இடத்தை அவன் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வலப்பக்கம் சுவரோரம், பழைய இதழ்க் கட்டுகளின் மேல், படங்களுக்கு மை தீட்டி ஒட்டுவேலையும் பார்க்கும் ரமீரோ ஒக்கெண்டோ. கதவருகே முக்காலியில், மடியில் குறிப்பேட்டோடு டெஸ்பினா. பேச்சுக்குமிழ்களுக்குள் எழுத்து எழுதுவது அவள் வேலை. வாசகர் கடிதங்களுக்குப் பதில் போடுவதும் முதலாளியின் கடிதங்களைத் தட்டச்சு செய்வதும் அவள்தான். வேண்டுமென்றால் சட்டென்று வெளியே போய்விடலாம் என்றுதான் கதவோரமாக உட்கார்ந்தாள். இப்போது எழுந்தால் எல்லோர் கண்ணும் தன் மேல்தான் விழும் போலிருந்தது.

மேஜை நடுவில் புது இதழ் விரிந்து கிடந்தது. மை வாசனை இன்னும் போகவில்லை. எட்டாம் பக்கத்துக் கடைசிப் படத்தில், பகலவன் என்கிற நம் வீரன் பளபளக்கும் கேடயத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறான். கீழே குகைத் தரையில் கிரேக்கப் புராணத்து மெடூசா, தலையில் பாம்புகள் நெளிய, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாயருகே இருக்கும் குமிழில், "நான் கொடியவள்! இந்தத் தண்டனை எனக்கு வேண்டியதுதான்!" என்று இருக்க வேண்டும். அச்சில் இருந்ததோ வேறு. "நான் பாம்புகளோடு பிறக்கவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் கூந்தல் இருந்தது."

"ஒரு லட்சத்து எண்பதாயிரம் பிரதி," என்றார் லுப்கின். குரல் உயரவில்லை. அவர் கத்தாதபோதுதான் எல்லோருக்கும் பயம். "லாரி ஏறியாச்சு. வியாழக்கிழமை கடைக்கு வந்துரும். அட்டையில முத்திரை. உள்ள இது."

போன வருடம் வாஷிங்டனில் விசாரணை நடந்தது. படக்கதை படித்துத்தான் பிள்ளைகள் திருடுகிறார்கள், கத்தி எடுக்கிறார்கள் என்று நாடே பேசியது. பள்ளிக்கூட மைதானங்களில் இதழ்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்தது அந்த முத்திரை. ஒவ்வொரு பக்கத்தையும் அச்சுக்கு முன்பே தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பி, அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அட்டையில் முத்திரை. முத்திரை இல்லாத இதழ்க் கட்டை விநியோகஸ்தர் பிரிக்காமலே திருப்பிவிடுவார். அவர்களுடைய விதிகளில் முதல் விதியை டெஸ்பினா தன் கையாலேயே பெரிதாக எழுதிச் சுவரில் மாட்டியிருந்தாள்: குற்றம் செய்தவர் மேல் வாசகருக்கு இரக்கம் வரக் கூடாது.

"முதலாளி, ஒரு நல்ல சேதியும் இருக்கு," என்றான் நேதன். "எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்ல."

"உன் வாய் மேலயும் ஒரு ஒட்டு போடணும்டா. ரெண்டு பக்கமும் பசை பூசி." லுப்கின் மேஜை இழுப்பறையிலிருந்து உறை ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். தீப்பெட்டி அளவில் வெட்டிய காகிதத்துண்டு ஒன்று விழுந்தது. அதில் டெஸ்பினாவின் எழுத்து: நான் கொடியவள். "அச்சுக்கு பிளாக் செய்யுற இடத்துல தரையில கிடந்துச்சாம். கூட்டுறவன் எடுத்துக் குடுத்திருக்கான். ஒரு பக்கம்தான் பசை. பார்த்துக்கங்க."

அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ரப்பர் பசையைப் படம் வரைந்த அட்டையிலும் துண்டிலும் தனித்தனியாகப் பூசி, பத்து நிமிஷம் உலரவிட்டு ஒட்டினால், கிழித்தால்தான் வரும். துண்டில் மட்டும் பூசி ஒட்டினால் நாலு நாள் நிற்கும், பிறகு நகம் பட்டால் போதும். இடம் பார்ப்பதற்கு, பிறகு எடுத்துவிடப்போவதற்கு, அப்படி ஒட்டுவார்கள். ஒரு பக்கம் பூசினால் காதல், ரெண்டு பக்கம் பூசினால் கல்யாணம் என்பது நேதன் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும் நகைச்சுவை. இன்று அவன் அதைச் சொல்லவில்லை.

"அந்த ஆபீஸ் பார்த்தது ஒட்டு போட்ட பக்கத்தை. அச்சானது ஒட்டு விழுந்து பழைய வசனம் தெரிஞ்ச பக்கம். ஒண்ணைக் காட்டிட்டு வேற ஒண்ணை அடிச்சுட்டோம்னுதான் அவங்க சொல்வாங்க. இது தப்பு இல்லப்பா, இதுக்குப் பேரு மோசடி." லுப்கின் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேல்பகுதியைப் பிசைந்தார். "யாரு ஒட்டினது?"

எல்லோருடைய கண்ணும் ரமீரோ பக்கம் போனது. ஒட்டுவேலை அவனுடையது. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"நானாத்தான் இருக்கணும்," என்றான் ரமீரோ. "அந்த வாரம் மட்டும் நாப்பது ஒட்டு முதலாளி. எதை எப்படி ஒட்டினேன்னு..." உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். மை ஏறிய விரல்கள்.

நாற்பது ஒட்டில் இந்த ஒன்று அவனுடையது அல்ல என்று டெஸ்பினாவுக்குத் தெரியும். மூன்றாவது முறையாகத் திருத்தம் கேட்டு அந்த அலுவலகத்திலிருந்து சீட்டு வந்த அன்று, ரமீரோ பல்வலியால் முகம் வீங்கி மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டான். புது வசனத்தை எழுதி, வெட்டி, பசை பூசி ஒட்டியது அவள்.

சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் பென்சிலை எடுத்துக் குறிப்பேட்டைத்தான் புரட்டினாள்.

"ஒரு கடிதாசு எழுதும்மா," என்றார் லுப்கின். "இன்னிக்கே போகணும். அவங்களா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும். தப்பு நடந்துச்சு, செஞ்சவன் இன்னான், வேலையை விட்டு எடுத்தாச்சு. அவ்வளவுதான். பெண்டாட்டி, புள்ள, உடம்பு சரியில்லன்னு ஒண்ணும் வரக் கூடாது. படிக்கிறவனுக்கு அவன் மேல பாவம்னு தோணுச்சுன்னா, நாம அவனுக்கு வக்காலத்து வாங்குறோம்னு ஆயிடும்."

"அப்ப அந்த விதி நமக்கும் உண்டா முதலாளி?" என்று கேட்டான் நேதன். லுப்கின் கதவை நோக்கிக் கையைக் காட்டினார்.

தன் மேஜைக்கு வந்ததும் டெஸ்பினா தட்டச்சு இயந்திரத்தில் தாளை ஏற்றினாள். மூன்று பிரதி, நடுவே கருப்புத் தாள். பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு எழுத்தும் கடிதமும் சொல்லிக்கொடுத்தார்கள். தேதி, முகவரி, பொருள், விஷயம், முடிவு. எந்தக் கலவரத்திலும் கை அந்த வரிசையை மறக்காது. பத்தே நிமிஷத்தில் கடிதம் முடிந்துவிட்டது. எடுத்துப் படித்தாள். ரமீரோ ஒக்கெண்டோ என்ற பெயரும், அலட்சியம் என்ற சொல்லும், நீக்கப்பட்டார் என்ற முடிவும். மூன்றே வரியில் ஒரு கெட்டவன் தயார். இவ்வளவு சுலபமா என்று நினைத்தாள்.

மெடூசாவை நேதன் முதலில் இப்படித்தான் மூன்று வரியில் எழுதிக்கொண்டு வந்தான். பாம்புத்தலை, பார்த்தால் கல், இறுதியில் சாவு. "இவ ஏன் இப்படி ஆனாள்னு உனக்குத் தெரியுமா?" என்று டெஸ்பினா கேட்டாள். தெரியாது என்றான். கோயிலுக்குள் வைத்து அவளைக் கெடுத்தவன் கடல்தேவன், தண்டனை வாங்கியவள் அவள் என்று அப்பா உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டே சொன்ன கதையைச் சொன்னாள். நேதன் சிகரெட்டை அணைத்துவிட்டு, "அடிப்பாவி, இதுதான் கதை," என்றான். அதற்கு முந்தின இதழில் காளைத்தலையனும் அப்படித்தான் வந்திருந்தான். ராஜாவின் மானத்துக்காகப் பிறந்ததிலிருந்தே இருட்டில் பூட்டிவைக்கப்பட்டவன். பகலவனை யாரும் எழுதிக் கேட்கவில்லை. வந்த கடிதமெல்லாம் இந்த மாதிரிக் கெட்டவர்களைப் பற்றித்தான். அடுத்து வரப்போகிறவள் என்று போன இதழின் கடைசியில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நெப்ராஸ்காவிலிருந்து ஒரு சிறுமி, மெடூசாவுக்கு யார் தலை வாரிவிடுவார்கள் என்று கேட்டிருந்தாள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு வாரமாகக் கடிதம் தட்டில் கிடந்தது.

அன்றைக்குப் பசையைத் தொட்டபோது என்ன நினைத்தேன்? அதைத்தான் அவள் திரும்பத் திரும்பத் தோண்டினாள். பக்கத்தை எடுத்துப்போகும் ஆள் காத்திருக்கிறான், உலரவிட நேரமில்லை என்று நினைத்ததாக ஞாபகம். ஆனால் அந்த ஆள் வந்தது ஆறு மணிக்கு. அவள் ஒட்டியது ஐந்தே காலுக்கு. நடுவில் முக்கால் மணி நேரம் என்ன செய்தாள்? கை கழுவினாள். ஜன்னலைத் திறந்தாள். வேறொன்றும் இல்லை.

ரமீரோ வந்து மேஜை விளிம்பில் சாய்ந்தான்.

"அக்கா, முடிச்சிட்டியா?"

அவள் தாளைக் கவிழ்த்தாள்.

"பார்க்க மாட்டேன், பயப்படாத. வீட்டுல பெண்டாட்டி லூர்துகிட்ட என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன். போன வருஷம் பதினாலு கம்பெனி இருந்துச்சு இந்தத் தொழில்ல. இப்ப அஞ்சு. அந்த அஞ்சும் அந்த ஆபீஸுக்குத்தான் பக்கம் அனுப்புது. பேரு ஒரு தடவை அங்க போயிடுச்சுன்னா, அப்புறம் ஹோட்டல்ல மீன் படம் வரைய வேண்டியதுதான்." சிரிக்கப் பார்த்தான். "நீ எல்லாக் கெட்டவனுக்கும் கடைசியில ஒரு குமிழ் குடுப்பியே. எனக்கு மட்டும் இல்லையா?"

"முதலாளி வேண்டாம்னாரு."

"தெரியும். சும்மா கேட்டேன்." போகத் திரும்பினான். "நான் அப்படி ஒட்ற ஆளு இல்லக்கா. ஆனா ஒட்டியிருப்பேன் போல. நீயே சொல்லு, ஒட்டியிருப்பேனா?"

அவனுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவள் கவிழ்த்த தாளின் விளிம்பை நேராக்கினாள். அவன் போய்த் தன் தூரிகைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தான்.

டெஸ்பினாவுக்கு நாற்பத்து மூன்று வயது. வேறு வேலை தெரியாது. க்வீன்ஸில் அவளையும் அவள் அக்காவையும் தாங்கும் இரண்டு அறை வீடு. குமிழுக்குள் எழுத்து எழுதும் பெண்கள் இந்த ஊரிலேயே மூன்று பேரோ நான்கு பேரோதான். பெயர் போனால் அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். இதையெல்லாம் வரிசையாக, தேதி, முகவரி, பொருள் என்பது போல, மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். பயம் எந்த வரியிலும் குறையவில்லை. இன்னும் மூன்று தாள் எடுத்து, கருப்புத் தாளை நடுவே வைத்து, மறுபடியும் இயந்திரத்தில் ஏற்றினாள்.

லுப்கின் தொலைபேசியை வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினார். கையெழுத்துப் போட இறங்கிய பேனா நின்றது.

"பேரு மாறியிருக்கு."

"ஆமா."

"ரமீரோவைக் காப்பாத்துறியா?"

"இல்ல முதலாளி. நான்தான் ஒட்டினேன். அவன் அன்னிக்குப் பல்வலின்னு போயிட்டான்."

லுப்கின் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதைக் கேளு. அவன் பேரு போனா கைத்தப்புன்னு விட்ருவாங்க. உன் பேரு போனா? எழுதினதும் நீ, ஒட்டினதும் நீ. வேணும்னே செஞ்சாள்னுதான் எழுதுவாங்க. பத்திரிகைக்காரன் வருவான். விசாரணைன்னு கூப்பிடுவான்." மேஜை மேல் குனிந்தார். "வேணும்னே செஞ்சியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஆமாம் என்றும் சொல்லலாம்.

"தெரியல முதலாளி."

"தெரியலைன்னு கடிதாசுல எழுத முடியாதும்மா."

"எழுதல. நீங்க சொன்னபடிதான் இருக்கு. காரணம்னு ஒண்ணும் இல்ல."

அவர் இன்னொரு முறை படித்தார். பேனாவை எடுத்தார், வைத்தார், மாத்திரை ஒன்றை வாயில் போட்டு நீரில்லாமல் விழுங்கினார். "உன் எழுத்து மாதிரி இனி எனக்கு எவ கிடைப்பா?" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவளைப் பார்க்காமலே நீட்டினார்.

மூன்றாய் மடித்து, உறைக்குள் வைத்து, ஒட்டி, நான்கு மூலையும் அழுத்தினாள். முகவரியை இயந்திரத்தில் அடிக்காமல் கையாலேயே எழுதினாள். மின்தூக்கிக்குப் பக்கத்தில், மாடி மாடியாகக் கீழே இறங்கும் கண்ணாடி முகத் தபால் குழாய் இருந்தது. தாழைத் தூக்கி உறையை உள்ளே விட்டாள். விரல் உடனே விடவில்லை. உள்ளிருந்து குளிர்ந்த காற்று மேலே ஏறி மணிக்கட்டில் பட்டது. பிறகு விட்டாள். வெள்ளையாக ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் சரிந்து மறைந்தது. மேல்மாடிகளில் யார் யாரோ போட்ட கடிதங்கள் அதன் பின்னாலேயே ஒவ்வொன்றாக அவள் முகத்தைக் கடந்து விழுந்துகொண்டிருந்தன.