இளஞ்சிவப்பு விரிப்புகள்

நாலாயிரத்து முந்நூற்று இருபது. சலவைக்கூடத்துக்கு நான் கட்ட வேண்டியிருந்த தொகை அது. ஓட்டல் படுக்கை விரிப்புகளைப் பாழாக்கினதற்காக மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள்.

இளவேனில் வந்தால் ஓட்டல்கள் நிரம்பிவிடும். உலகத்தில் பாதிப் பேருக்குப் பண்டிகை வருவது அப்போதுதான். அவர்கள் கொண்டாடிவிட்டுப் படுத்த விரிப்பெல்லாம் எங்களிடம் வந்து விழும். எங்களுக்கு லீவு கிடையாது. ஆனால் எங்களுக்கும் பண்டிகை உண்டே! இஸ்திரி அக்காவின் நாட்டில் வசந்தத்தில்தான் வருஷம் பிறக்கும். அதற்கு முன்னால் நெருப்பைத் தாண்டுவார்கள். மடிப்பு மேஜைக்காரியின் நாட்டில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். வேன் டிரைவரின் ஆட்கள் முட்டைக்குச் சாயம் போடுவார்கள். மெஷின்காரர் பக்கம் வண்ணப்பொடி. நாலுக்கும் சேர்த்துப் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைப் பங்குபோட்டோம். துணி காயப்போடும் மொட்டைமாடிச் சாவி அப்போது என்னிடம் இருந்தது. திறந்துவிட்டேன்.

காற்று அடித்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை விரிப்புகள் மேலெல்லாம் சிவப்புப் பொடி. அப்படியே உதறியிருந்தால் முக்கால்வாசி உதிர்ந்திருக்கும். ஆனால் நாங்கள் சலவைக்காரர்கள் ஆயிற்றே! கறையைக் கண்டதும் கை தானாகக் கொதிதண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டது. அள்ளிக்கொண்டு ஓடி உள்ளே போட்டோம். சூட்டில் பொடி நூலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது. எடுத்தபோது அத்தனையும் இளஞ்சிவப்பு.

"கல்யாண ஆர்டர் எடுத்த மாதிரி இருக்கு," என்றார் மெஷின்காரர்.

கதவைத் திறந்தது நான் என்பதால் கடன் என் தலையில் ஏறியது. விரிப்புகளைக் கிடங்கில் மூட்டையாகப் போட்டார்கள். சாவி மேனேஜர் அம்மாவின் மேஜைக்குள் போனது.

இந்த வருஷமும் இளவேனில் வந்தது. இஸ்திரி அக்கா பெட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நெருப்பைத் தாண்டாம வருஷம் பிறந்தா, பழசெல்லாம் கூடவே வந்துடும்."

அவ்வளவுதான் சொன்னாள். வருஷம் முழுக்க யார் யாரோ படுத்த படுக்கையைத் துவைக்கிறோம். ஒரு மத்தியானம் நம்முடையதாக இருக்கக் கூடாதா? சாவியைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து எல்லாரிடமும் சொன்னேன்.

அழுக்குத் துணி பிரிக்கும் இடத்திலிருந்து என் நாத்தனார் கத்தினாள். "அண்ணி, பட்டது போதாதா? எங்க அண்ணன் சட்டையில பட்டன் இல்ல. இவங்களுக்கு மாடி வேணுமாம்!"

"உங்க அண்ணன் பட்டன் இல்லாமலே இத்தனை காலம் ஓட்டிட்டாரு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டட்டும்."

மேனேஜர் அம்மா கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை மாடிச் சாவி வேணும்மா."

"மறுபடியுமா?" என்றவர், கணக்கு நோட்டைப் புரட்டினார். "உனக்கு இன்னும் ஆயிரத்து எண்பது பாக்கி. அதை விட்டுடறேன். மாடிப் பேச்சை மட்டும் எடுக்காதே. பொடி பறந்து வந்துச்சுன்னு பக்கத்துக் கட்டடத்துக்காரர் இன்னும் சொல்லிக்காட்டறாரு."

'சரிம்மா' என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

"விட வேண்டாம்மா. ஞாயித்துக்கிழமையே மொத்தமா கட்டிடறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"கட்டிட்டா அந்த விரிப்பெல்லாம் என்னோடதுதானே? மாடியைச் சுத்தி நாலு பக்கமும் கட்டறேன். பொடி வெளிய போகாது. கொடியில ஒரு வெள்ளைத் துணி இருக்காது, எல்லாத்தையும் சனிக்கிழமையே மடிச்சு வெச்சுடறோம்."

"மறுபடி கறை பட்டா?"

"அதுல இனிமே பட என்னம்மா இருக்கு?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டார். "நெருப்பு?"

"தட்டுல மெழுகுவத்திதாம்மா. பக்கத்துலயே மடிப்பு மேஜைக்காரி வாளியோட நிப்பா. அவளுக்குத்தான் எதுமேலயாவது ஊத்தணுமே."

"பணம் முதல்ல. அப்புறம் சாவி," என்றார்.

வீட்டு வாடகையை எடுத்துவைத்த பிறகு என்னிடம் பாதிதான் இருந்தது. மீதியை எப்படிப் புரட்டுவது என்று சோப்புத் தொட்டி ஓரம் நின்றிருந்தபோது, நாத்தனார் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"திருப்பிக் கொடுக்கிறேன்னு வந்தீங்க, அப்புறம் பேச மாட்டேன்."

அவளைப் பார்த்து இஸ்திரி அக்கா. அப்புறம் மற்றவர்கள். மெஷின்காரர் கொடுத்த நோட்டுகள் ஈரமாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாடிக் கதவடியில் மேனேஜர் அம்மா பணத்தை வாங்கிப் பையில் போட்டார். சாவியை என் கையில் வைத்தார்.

விரிப்புகளைக் கொடிக்கம்பங்களில் இழுத்துக் கட்டினோம். வெயில் அவற்றின் வழியாக வந்து எல்லார் முகத்தையும் சிவப்பாக்கியது. டிரைவர் முட்டைகளைக் கூடையோடு வைத்தார். இஸ்திரி அக்கா பாவாடையைத் தூக்கிப் பிடித்தாள். முட்டிவலிக்காரி. ஒரு மூச்சு இழுத்தாள், மெழுகுவத்தி எரிந்த தட்டைத் தாண்டினாள். விழவில்லை.

அம்மா கீழே போகாமல் கதவோரமே நின்றிருந்தார். மடிப்பு மேஜைக்காரி வாளியோடு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"ஐயையோ, புடவை!" என்று அலறினார் அம்மா. மெஷின்காரர் பொடியை அள்ளி வீசினார். காற்று அடித்தது. விரிப்புகள் படபடவென்று அடித்துக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டன.

"உன் கணக்கு தீர்ந்துச்சு," என்றார் அம்மா, முகத்துச் சிவப்பைத் துடைத்துக்கொண்டே. "என் புடவைக் கணக்கு?"

"காய்ஞ்சதும் உதறுங்கம்மா," என்றேன். "கொதிதண்ணில மட்டும் போட்டுடாதீங்க."