ஆடாமல் பிடித்த கயிறு

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்தக் குறையும் கிடையாது. மகளுக்கு மாறுகண் இருப்பதாக நான்கு வயதில் ஆசிரியை சொன்னபோது, நான் பள்ளியை மாற்றினேன். இருபது வயதில், சொந்தச் சம்பளத்தில், அவளே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாள். கண் நேரானது. தூரம் மட்டும் பிடிபடவில்லை.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் துறைமுகத்தில் சரக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். கிரேன் ஓட்ட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அதற்கான தேர்வில் கொக்கியை ஓர் இரும்பு வளையத்துக்குள் இறக்க வேண்டும். இரண்டு முறையும் ஒரு சாண் தள்ளி இறங்கியது. மூன்றாவது முறையும் தவறினால், அதற்குப் பிறகு வாய்ப்பே இல்லை.

அவள் பார்க்கப் போன கண் மருத்துவர் என்னையும் வரச் சொன்னார்.

"ரெண்டு கண்ணும் நல்லாப் பார்க்குதுங்க. மூளைதான் ஒரு கண்ணு சொல்றத மட்டும் கேக்குது. சின்ன வயசுல ரெண்டும் வேற வேற பக்கம் பார்த்ததுல, குழப்பம் வேண்டாம்னு ஒன்ன ஒதுக்கிடுச்சு. இப்பவும் பழக்கிப் பார்க்கலாம்."

அப்போதே ஏன் கூட்டி வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.

மூன்று மணிகள் கோத்த நீளக் கயிறு ஒன்றைக் கொடுத்தார். ஒரு முனையை மூக்கு நுனியில் பிடித்து, மறுமுனையை எதிரே இழுத்துக் கட்டி, நடு மணியைப் பார்க்க வேண்டும். மூளை இரண்டு கண்ணையும் கேட்டால், ஒரே கயிறு இரண்டாகத் தெரிந்து அந்த மணியில் குறுக்கே வெட்டிக்கொள்ளும். அவளுக்கு ஒன்றுதான் தெரிந்தது.

அந்த நீளத்துக்கு எங்கள் முன்னறைதான் தோது. அதன் ஜன்னல் தெருவைப் பார்த்தது. சாத்தினேன்.

"வெளிச்சம் வேணும்ப்பா."

"விளக்கப் போட்டுக்கோ."

"போட்டும் பத்தல. யாரு பார்த்தா என்ன? கண்ணு என்னோடதுதானே?"

ஜன்னலின் ஒற்றைக் கதவை மட்டும் திறந்தேன். அந்தக் கதவின் பிடியில் கட்டிய மறுமுனை காற்றில் அசைந்தது. நானே பிடித்துக்கொண்டேன்.

"ஆடாம நில்லுங்கப்பா."

"நான் என்னைக்காவது ஆடியிருக்கேனா?"

இருபத்து மூன்று நாள், தினமும் காலையில் தூணாக நின்றேன். தேர்வுக்கு ஆறு நாள் இருக்கையில் என் மைத்துனன் ஜன்னலில் தலையை நீட்டினான். அவனுக்கு வானொலி என்று பெயர். அவன் காதில் விழுவது மாலைக்குள் எல்லா வீட்டிலும் ஒலிக்கும்.

"என்ன அத்தான், பொண்ணுக்கு மூக்கணாங்கயிறா?"

கை தானாகத் தளர்ந்தது.

"விடாதீங்கப்பா! ரெண்டு கயிறு... ரெண்டு தெரியுது!"

"ஐயையோ, ரெண்டு ரெண்டாத் தெரியுதா? இருந்த கண்ணும் போச்சே!"

"மாமா, சும்மா இருங்க! மணியில வெட்டிக்குதுப்பா. மணி தனியா அந்தரத்துல நிக்குது." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்க மூக்கு இவ்வளவு முன்னாலயா நீட்டிக்கிட்டிருக்கு?"

"அது நம்ம குடும்ப மூக்கு," என்றேன். மறு கதவையும் நானே திறந்துவிட்டு, கயிற்றை மறுபடி பிடித்தேன்.

தேர்வன்று வேலிக்கு வெளியே நானும் வானொலியும் நின்றோம். கொக்கி இறங்கியது. வளையத்துக்கு மேலே ஒரு கணம் நிதானித்தது. பிறகு விளிம்பில் உரசாமல் உள்ளே போனது. கீழே நின்ற தொழிலாளிகள் கைதட்டினார்கள். மேலே கூண்டிலிருந்து மகள் கையை ஆட்டினாள்.

"அத்தான், இதையாவது வெளிய சொல்லலாமா?"

"முழுசாச் சொல்லு. பொறந்ததுலேர்ந்து மாறுகண்ணு. அப்பன் மறைச்சான். இருபத்தெட்டு வயசுல தன் மூளைக்குத் தானே பார்க்கக் கத்துக்கொடுத்தா. ஒரு வார்த்தை விடாதே. உரக்கச் சொல்லு."